நுரையீரல் பிரஷருக்கு மருந்து மூச்சிலா, நரம்பிலா? கேள்வி பதில்

இதய ஆபரேஷனில் மயக்க மருந்து கொடுப்பது என் வேலை. நம் மாவட்டத்துக்காரர்கள் கேட்டதற்கு என் பதில்கள்.

குளச்சல்: டாக்டர், அம்மாவுக்கு இதயத்தின் இடது பக்கத்திலுள்ள மைட்ரல் வால்வு சுருக்கம். திருவனந்தபுரத்தில் ஆபரேஷன். நுரையீரல் பிரஷர் கூடுதலாம். மூச்சு வழியாக மருந்து தேவைப்படலாம் என்கிறார்கள். நரம்பு ஊசி போதாதா?

பதில்: வால்வு சுருங்கினால் ரத்தம் பின்னால் தேங்கி, நுரையீரல் குழாய்களில் அழுத்தம் ஏறும் தங்கச்சி. அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலது கீழறை களைத்துவிடும். எங்கள் கவலையெல்லாம் அந்த அறை மேல்தான். ஆபரேஷனில் இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் ஹார்ட்-லங் மெஷினை விட்டு இதயம் தானே ஓடத் தொடங்கும் நிமிடங்களில் அது திணறினால், மானிட்டரில் பிபி இறங்கும். திறந்த மார்பில் அந்த அறை உப்பி நிற்பது கண்ணுக்கே தெரியும்.

அப்போது குழாயை விரிக்கும் மருந்துகளான நைட்ரோகிளிசரினோ மில்ரினோனோ நரம்பில் போனால் நுரையீரல் குழாயோடு உடம்பிலுள்ள மற்ற குழாய்களும் விரியும். பிபி விழுந்தால் வலது அறையின் தசைக்குப் போகும் ரத்தமே குறையும். காற்று போகாத நுரையீரல் பகுதிக்கும் ரத்தம் பாய்ந்து, ஆக்ஸிஜன் ஏறாமல் திரும்பும். மூச்சில் கொடுக்கும் நைட்ரிக் ஆக்ஸைடு வாயு, காற்று போகும் இடத்தில்தான் குழாயை விரிக்கும். ரத்தத்தில் கலந்ததும் ஹீமோகுளோபின் அதைப் பிடித்துச் செயலிழக்க வைத்துவிடும். அதனால் பிபி பெரும்பாலும் விழாமல் நிற்கும்.

மார்த்தாண்டம்: அப்படியானால் எல்லோருக்கும் மூச்சிலேயே கொடுக்கலாமே?

பதில்: கூடாது. இடது கீழறை மிகவும் பலவீனமானவருக்கு அதனால் நுரையீரலில் நீர் கோர்க்கலாம். மில்ரினோன் இதயத்துக்குத் தரும் பலமும் நைட்ரிக் ஆக்ஸைடில் கிடைக்காது. அதனால் பல நேரம் இரண்டையும் சேர்த்து, பிபியைத் தாங்க நார்அட்ரினலினோ வாசோபிரசினோ ஓடவிடுவோம். மூச்சு மருந்தால் உயிரிழப்பு குறைகிறது என்பது இன்னும் உறுதியாக நிரூபணமாகவில்லை. இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

தக்கலை, நர்ஸ்: நைட்ரிக் ஆக்ஸைடு சிலிண்டர் இல்லாத இடத்தில்?

பதில்: குழாயை விரிக்கும் இன்னொரு மருந்தான இலோப்ரோஸ்டையோ மில்ரினோனையோ நெபுலைசரில் கொடுக்கலாம் சிஸ்டர். ஆனால் ஆக்ஸிஜன் குறைந்து, கார்பன் டை ஆக்ஸைடு ஏறி, உடம்பும் குளிர்ந்து கிடந்தால் எந்த மருந்தும் சரியாக எடுபடாது. முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள்.

நாகர்கோவில்: அப்பா நன்றாக இருக்கிறார். ஐசியுவில் அந்த வாயுவை ஏன் இன்னும் நிறுத்தவில்லை?

பதில்: சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் மறுபடி எகிறும். 20 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு) என்றால் 10, 5, அப்புறம் 1 என்று இறக்கி, ஒவ்வொரு படியிலும் பொறுத்துப் பார்ப்பார்கள்.

கருங்கல்: நுரையீரல் பிரஷருக்கு சில்டெனாஃபில் மாத்திரை சாப்பிடுகிறேன். ஆபரேஷனுக்கு முன் நிறுத்தவா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள், மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள். நைட்ரோகிளிசரினோடு சேர்ந்தால் பிபி ஆபத்தாக விழும். மாத்திரை அட்டையையே கையோடு கொண்டு போங்கள்.