சுவரில் சிவப்பு அம்புக்குறி: கொடுத்த அட்வான்ஸ் திரும்புமா?

கேள்வி: திருவொற்றியூரில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையை ஒட்டி ஒரு பழைய தனி வீட்டை வாங்க ஒப்பந்தம் போட்டேன். ஐந்து லட்சம் அட்வான்ஸை வங்கி மூலம் கொடுத்தேன். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவில்லை. கெடு முடிய இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. வீட்டைப் பார்த்தது ஒரு ஞாயிறு மதியம். பிறகு ராத்திரியில் அம்மாவோடு போனால், ட்ரெய்லர் போகும்போதெல்லாம் அலமாரிப் பாத்திரம் அதிர்கிறது. "அம்மாவுக்கு இந்தச் சத்தம் ஒத்துக்காது, வேண்டாம் சார்" என்று உரிமையாளருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். அட்வான்ஸ் கிடையாது என்கிறார். இப்போது பக்கத்து டீக்கடைக்காரர், காம்பவுண்டுச் சுவரில் இருக்கும் சிவப்பு அம்புக்குறி சாலையை அகலப்படுத்த அளந்து போட்டது என்கிறார். உரிமையாளரோ, "அதெல்லாம் பழைய கதை" என்கிறார். என்ன செய்வது?
வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: முதல் வேலையாக, அவருக்கு வாட்ஸ்அப் அனுப்புவதை நிறுத்துங்கள். நீங்கள் அனுப்பிய அந்த ஒரு வரியைத்தான் அவர் வக்கீல் நீதிமன்றத்தில் முதலில் நீட்டுவார்.

1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவுப்படி, தனக்குத் தெரிந்த குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே கண்டுபிடிக்க முடியாத குறைக்குத்தான் அது பொருந்தும். சாலை வீட்டு வாசலிலேயே இருக்கிறது. லாரி ஓடும் என்பதும் வடசென்னைக்காரரான உங்களுக்குத் தெரியாததல்ல. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வரம்பு வைத்திருப்பது உண்மைதான். ஆனால் அதை வைத்து அதிகாரிகளிடம் முறையிடலாமே தவிர, வீட்டை விற்பவரைப் பிடிக்க முடியாது. சத்தத்தைச் சொல்லிப் பின்வாங்கினால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்று ஆகிவிடும். அப்போது அவர் அட்வான்ஸை, குறைந்தது அதில் ஒரு பகுதியையாவது, பிடித்துக்கொள்ள வழி உண்டு.

சிவப்பு அம்புக்குறி வேறு விஷயம். அதற்காக வெறும் குறியை மட்டும் நம்பி வழக்குக்குப் போகாதீர்கள். "சுவரில்தானே இருந்தது, இவர் பார்த்திருக்கலாமே" என்று எதிர்த்தரப்பு திருப்பி அடிக்கும். உரிமையாளர் கைக்கு நோட்டீஸ் வந்ததா, எந்தத் தேதியில் வந்தது என்பதுதான் கேள்வி. 2001-ஆம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டப்படி நிலம் எடுப்பதாக இருந்தால், 15(2) பிரிவின் கீழ் உரிமையாளருக்கு முதலில் நோட்டீஸ் போக வேண்டும். அதன்பின் 15(1)-இன் கீழ் அரசிதழில் அறிவிப்பு வந்துவிட்டால், அந்தத் துண்டு நிலம் அன்றே அரசுக்குச் சொந்தம். தன்னிடம் இல்லாத நிலத்தை அவர் உங்களுக்கு எப்படி விற்பார்? 2013-ஆம் ஆண்டு மத்திய நிலமெடுப்புச் சட்டத்தின் கீழ் எடுத்தால், முதல்நிலை அறிவிப்புக்குப் பிறகு கலெக்டர் அனுமதி இல்லாமல் விற்கவே கூடாது.

வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருக்கிறது என்று புரோக்கர் சொல்வார். அது பதிவான பத்திரங்களைக் காட்டும் காகிதம். நிலமெடுப்பு நோட்டீஸ் அதில் தெரியாமலே போகலாம். எனவே நெடுஞ்சாலைத் துறையின் நிலமெடுப்புப் பிரிவுக்கு நேரில் போய்க் கேளுங்கள். கூடவே 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, நோட்டீஸ் நகல், அது உரிமையாளர் கையில் சேர்க்கப்பட்ட தேதி, எவ்வளவு சதுர அடி போகிறது என்பதைக் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் அவகாசம் என்பதால் இன்றே போடுங்கள். பத்திரத்தில் பழைய சர்வே எண் இருக்கும், அறிவிப்பில் டவுன் சர்வே எண் இருக்கும். எண் ஒத்துப்போகவில்லை என்று பலர் நிம்மதியாகத் திரும்பிவிடுகிறார்கள். மனுவில் இரண்டையும் எழுதுங்கள்.

மனுவுக்குப் பதில் வரும்வரை காத்திருக்காமல் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். "மீதித் தொகையோடு கிரயம் செய்ய நான் தயார், நிலமெடுப்பு எதுவும் இல்லை என்பதற்கு ஆவணம் காட்டுங்கள், இல்லையேல் அட்வான்ஸைத் திருப்பித் தாருங்கள்" என்ற அளவில் இருந்தால் போதும். சத்தத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் வேண்டாம். பணம் தயாராக இருப்பதற்குக் கடன் ஒப்புதல் கடிதமோ வங்கிக் கணக்கு விவரமோ கையில் இருக்கட்டும்.

கிரய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிய வேண்டும் என்ற விதி தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்தே இருக்கிறது. ஆனாலும் பதியாததாலேயே பணம் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். ஒப்பந்தம் நடந்ததற்குச் சாட்சியமாக அதைக் காட்ட இடமுண்டு, பணம் போனதற்கு வங்கிப் பதிவு இருக்கிறது. நோட்டீஸை மறைத்தார் என்று தெரிந்தால், கொடுத்த அட்வான்ஸுக்கு அந்தச் சொத்தின் மீதே உங்களுக்குப் பொறுப்புரிமை, அதாவது சொத்தை வைத்தே பணத்தை வசூலிக்கும் உரிமை, உண்டு. அதே 55-ஆவது பிரிவு அதைத் தருகிறது. வழக்குப் போட மூன்று வருடம் இருந்தாலும், அவர் வீட்டை வேறு யாருக்காவது விற்பதற்குள் போடுவது நல்லது.

விலை குறைத்தால் வாங்கிவிடலாமா என்று ஒரு யோசனை வரும். வாங்கலாம். ஆனால் போகும் அடியைக் கழித்து மீதிப் பரப்புக்கு மட்டும் பத்திரம் எழுதுங்கள். இழப்பீடு யாருக்கு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். அறிவிப்புக்குப் பின் வாங்கியவர் நிலமெடுப்பை எதிர்த்து வழக்காட முடியாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம் கட்டுவதற்கு முன் டேப்பை எடுத்துக்கொண்டு போய், அந்த அம்புக்குறிக்கு உள்ளே படிக்கட்டு மட்டும் வருகிறதா, முன்னறையும் வருகிறதா என்று அளந்து பாருங்கள்.