ராயல் என்ஃபீல்டின் புதிய பைக்குகளைப் பற்றி ஓட்டுபவர்கள் உண்மையில் என்ன சொல்கிறார்கள்?

கேள்வி: அலுவலகத்துக்குத் தினமும் 20 கி.மீ., மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து பாண்டிச்சேரி. ஹன்டர் 350 வாங்குவதா, கெரில்லா 450 வாங்குவதா என்று குழப்பம். புது வண்டிகளைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்:

யாரையும் முழுசாக நம்ப வேண்டாம், என்னையும் சேர்த்துத்தான். ஆனால் யாராவது கருத்துச் சொல்ல ஆரம்பித்தால், "இதுக்கு முன்னாடி என்ன வண்டி வெச்சிருந்தீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நான் எங்கிருந்து வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவிடம் எண்பதுகளில் வாங்கிய புல்லட் ஒன்று இருந்தது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். ஸ்டார்ட் செய்வதே ஒரு சடங்கு. ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும், எஞ்சினுக்குள் உள்ள அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும், அப்புறம் உடம்பு மொத்தத்தையும் ஏற்றி ஒரே மிதி. என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். கல்லூரி நாட்களில் அதில்தான் ஓட்டிப் பழகினேன், சிக்னலில் நிற்கும்போது ஒரு காலின் நுனி மட்டும் தரையைத் தொடும். இப்போது மூன்று வருடமாக ஹன்டர். அம்பத்தூரிலிருந்து கிண்டிக்குப் போய் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து கிளம்பும் எங்கள் எட்டுப் பேர் கூட்டத்தில் 350, 450, 650 என மூன்று எஞ்சின் வரிசையும் இருப்பதால் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கும் யோகம் உண்டு.

முதலில் 350. இந்த வரிசையைப் பற்றிய சண்டையெல்லாம் சத்தத்தையும் இழுவையையும் பற்றியதுதான். 2020 நவம்பரில் மீட்டியார் என்ற மாடலோடு வந்த 349 சிசி எஞ்சின்தான் 2021இல் கிளாசிக்குக்கும், 2022இல் ஹன்டருக்கும், 2023இல் புல்லட்டுக்கும் போனது. அதற்கு முந்தைய 346 சிசி எஞ்சினும் ஏறக்குறைய இதே 20 குதிரைத்திறன்தான் கொடுத்தது. டார்க், அதாவது திருப்பு விசை, 28 நியூட்டன் மீட்டராக இருந்தது, 27 ஆனது. எண்களைப் பார்த்தால் எதற்கு மாற்றினார்கள் என்றே தோன்றும். மாற்றம் உள்ளே. வால்வுகளைத் தள்ளும் புஷ்ராடு போய், அவற்றைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் எஞ்சினின் தலைக்கு ஏறியது, அதிர்வைத் தின்ன ஒரு பேலன்சர் ஷாஃப்ட் வந்தது, முன்னால் ஒற்றைக் குழாயாக இறங்கிய சேசிஸ், அதாவது வண்டியின் சட்டகம், இரட்டைக் குழாயானது. இப்போது 80இல் போனாலும் கண்ணாடியில் பின்னால் வரும் லாரி ஒரே லாரியாகத் தெரிகிறது.

புது கிளாசிக்கை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்த அப்பா சொன்னது: "என்னம்மா இது, தையல் மெஷின் மாதிரி ஓடுது." அவர் அதைக் குறையாகச் சொன்னார், எனக்குப் பாராட்டாகக் கேட்டது. பழைய புல்லட்டிலிருந்து இறங்கி வருகிற எல்லோரும் இதைத்தான் வேறு வேறு வார்த்தையில் சொல்வார்கள். பல்சரிலிருந்தோ டியூக்கிலிருந்தோ வருபவர்களோ "இழுவையே இல்லை" என்பார்கள். 195 கிலோ கிளாசிக்கை 20 குதிரை இழுத்தால் அப்படித்தான் இருக்கும். இந்த இரண்டு பேரும் சொல்வது பொய்யில்லை. ஆனால் உங்கள் அலுவலக வழிக்கு இரண்டுமே பெரிதாக உதவாது.

ஹன்டர் 181 கிலோ, இரண்டு பக்கமும் 17 அங்குலச் சக்கரம், அதனால் சந்து பொந்தில் சுலபமாகத் திரும்பும். "பின் சஸ்பென்ஷன் கல் மாதிரி" என்ற பேச்சு உங்கள் காதிலும் விழுந்திருக்கும். அது 2022 மாடலைப் பற்றி மதிப்பீடு எழுதிய பலரும் சொன்னது. 2025இல் நிறுவனமே பின் ஸ்பிரிங்கை, முதலில் மென்மையாக இருந்து அழுத்த அழுத்தக் கடினமாகும் புரோக்ரசிவ் வகைக்கு மாற்றியது, பிடிக்க இலகுவான ஸ்லிப் அசிஸ்ட் கிளட்ச் கொடுத்தது, தரையிலிருந்து இடைவெளியையும் கொஞ்சம் உயர்த்தியது. ஆகவே ஹன்டரைப் பற்றி யார் பேசினாலும் அது எந்த வருட வண்டி என்று கேளுங்கள். பழைய மாடலையும் புதியதையும் ஒரே வண்டியாக நினைத்துக் கருத்துச் சொல்பவர்கள் நிறைய.

450 வரிசைதான் சுவாரசியம், ஹிமாலயனும் கெரில்லாவும் அதில்தான். 2016இல் வந்த பழைய ஹிமாலயன் 411க்கு 24 சொச்சம் குதிரைத்திறன். 2023 நவம்பரில் வந்த புதியதற்கு 452 சிசி, 40 குதிரைத்திறன், இந்த நிறுவனத்தின் முதல் லிக்விட் கூல்டு, அதாவது திரவத்தால் குளிர்விக்கப்படும், எஞ்சின். எங்கள் கூட்டத்தில் 411 வைத்திருந்த அண்ணன் ஒருவர் புதியதை வாங்கினார். கொல்லிமலைக்குப் போயிருந்தோம், எழுபது கொண்டை ஊசி வளைவு. பழைய வண்டியில் கியரை மறந்துவிட்டு ஊர்ந்தே ஏறிவிடலாம், இதில் அடிக்கடி கியர் இறக்க வேண்டியிருக்கிறது, நாலாயிரம் ஆர்பிஎம் தாண்டினால்தான் உயிரே வருகிறது என்று வழியெல்லாம் புலம்பினார். அதே வண்டியை அவரிடம் இரவல் வாங்கி ஓட்டிய கேடிஎம் 390காரர், "எவ்ளோ சாதுவா இருக்கு, கியரே மாத்த வேண்டாம் போல" என்று இறங்கினார். ஒரே வண்டி, ஒரே மலை, அதே டீக்கடையில் நின்றுகொண்டு இரண்டு தீர்ப்பு. எனக்கு எஞ்சின் பிடித்தது. ஆனால் சீட் உயரம் 825 மி.மீ., சரிவில் நிறுத்தும்போது அப்பாவின் புல்லட் ஞாபகம் வந்துவிட்டது.

கெரில்லா அதே எஞ்சினை நகரத்துக்கு இறக்கிய வண்டி. 2024 ஜூலையில் வந்தது. சீட் 780 மி.மீ., எடை 185 கிலோ, என் கால் இரண்டும் தாராளமாக எட்டுகிறது. பலரும் இதைப் பஜாஜ் தயாரிக்கும் ட்ரையம்ஃப் ஸ்பீடு 400உடன் வைத்துத்தான் பேசுகிறார்கள். அது அறிமுகமானபோது அதற்கும் 40 குதிரைத்திறன். பெயின்ட், வேலைப்பாடு, ஃபினிஷ் பார்ப்பவர்கள் ட்ரையம்ஃப் பக்கம் சாய்கிறார்கள், நடு வேகத்தில் இழுக்கும் அந்த ஒரு தள்ளலுக்காகக் கெரில்லா பக்கம் நிற்பவர்கள் இருக்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி. ஒன்று மட்டும் கவனியுங்கள், டேங்க் 11 லிட்டர்தான். ஹிமாலயனுக்கு 17, ஹன்டருக்கே 13.

650 பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 2018இல் இன்டர்செப்டரோடு வந்த 648 சிசி இரட்டைச் சிலிண்டர் எஞ்சினைக் குறை சொல்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை. குறையெல்லாம் அதற்கு அப்புறம் வந்த வரிசையின் மேல்தான். சூப்பர் மீட்டியார், ஷாட்கன், பேர், 2025இல் கிளாசிக் 650 என்று ஒரே மாவில் இட்லி, தோசை, ஊத்தப்பம் ஊற்றுகிறார்கள் என்கிறார்கள். மாவு நன்றாகத்தானே புளித்திருக்கிறது, என்ன போச்சு என்பது என் கட்சி. எடைதான் பிரச்சினை. சூப்பர் மீட்டியாரின் சீட் வெறும் 740 மி.மீ., உட்கார்ந்தால் ராணி மாதிரி இருக்கும். ஆனால் 241 கிலோ. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவில் மூக்கை உள்ளே விட்டு நிறுத்திவிட்டு, காலையில் தனியாகப் பின்னால் இழுத்துப் பாருங்கள். நான் வாட்ச்மேன் அண்ணாவைக் கூப்பிட்டேன்.

இதற்கெல்லாம் மேல் 2025 செப்டம்பர் 22 அன்று ஒரு கோடு விழுந்தது. 350 சிசி வரை ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அதற்கு மேல் உள்ளவற்றுக்கு செஸ் என்ற கூடுதல் வரி சேர்த்து 31 ஆக இருந்தது 40 ஆனது. 349 சிசி எஞ்சின் கோட்டுக்கு ஒரு சிசி இந்தப் பக்கம் நிற்கிறது, 452 அந்தப் பக்கம். அதற்கு முந்தைய விலையை வைத்து "இன்னும் கொஞ்சம் போட்டால் கெரில்லாவே வந்துவிடும்" என்று யாராவது எழுதியிருந்தால் அதைத் தாண்டிப் போய்விடுங்கள். ஷோரூமில் இன்றைய ஆன் ரோடு விலையை எழுதி வாங்கிப் பாருங்கள்.

சென்னைக்காரர்களின் கருத்தில் கொஞ்சம் பாசத்தைக் கழித்துக்கொள்ளவும் வேண்டும். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து இங்கே தொடங்கிய கம்பெனி. திருவொற்றியூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று தொழிற்சாலைகளெல்லாம் நம் பக்கம். சித்தப்பாவோ பக்கத்து வீட்டுக்காரரோ அங்கே வேலை பார்த்திருப்பார். நம்ம ஊர் வண்டி என்றால் நாக்கு தானாகவே கொஞ்சம் இனிக்கும்.

சரி, உங்கள் விஷயம். தினமும் 20 கி.மீ. நெரிசல் என்றால் ஹன்டர், அதுவும் 2025இல் மாற்றம் வந்த பிறகான மாடல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 80, 90இல் நிம்மதியாகப் போகும். 100ஐத் தாண்டினால் எஞ்சின் மூச்சு வாங்குவது கேட்கும். எனக்கு லிட்டருக்கு 33, 34 கிடைக்கிறது, பாண்டிச்சேரி போய்த் திரும்ப ஒரு டேங்க் போதும். 100இல் ஓட்டியே ஆக வேண்டும், பின்னால் எப்போதும் ஒருவர் உட்காருவார் என்றால் கெரில்லா, திரும்பும்போது ஒருமுறை பெட்ரோல் பங்குக்குப் போக வேண்டியிருக்கும். டெஸ்ட் ரைடை ஞாயிறு காலை காலிச் சாலையில் எடுக்காதீர்கள். வேலை நாளில் சாயங்காலம் ஆறு மணிக்கு, பின்னால் உட்காரப் போகிறவரையும் ஏற்றிக்கொண்டு போங்கள். திரும்பி வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியைப் பத்தடி பின்னால் தள்ளிப் பாருங்கள்.