செய்தியோடைச் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டலாமா?

கேள்வி: வலைப்பதிவுகள், நாளிதழ்த் தளங்கள், யூடியூப் சேனல்கள் என ஏறத்தாழ முப்பது இடங்களை நாள்தோறும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறேன். செய்தியோடை வழியாக எல்லாவற்றையும் ஒரே இடத்தில் படிக்கலாம் என்றார்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நான் நிறுவிய செயலியோ, ஒரு வார இலவசப் பயன்பாட்டுக்குப் பின் ஆண்டுச் சந்தா கட்டச் சொல்கிறது. கட்டலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். செய்தியோடை என்பது ஒரு தளம் தன் புதிய பதிவுகளின் தலைப்பு, சுருக்கம், இணைப்பு ஆகியவற்றைப் பதிந்து வைக்கும் கோப்பு. 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனம் ஆர்எஸ்எஸ் என்ற பெயரில் தொடங்கிவைத்த இம்முறையில், செயலி அக்கோப்பை அவ்வப்போது எடுத்துப் பார்த்துப் புதிதாக வந்தவற்றை நமக்குக் காட்டுகிறது. ஓடையைத் தருபவர்கள் தளத்தார்தாம். செயலி அவற்றைத் திரட்டித் தருகிறது, அவ்வளவே. ஆகவே நீங்கள் கட்டும் சந்தாவால், கட்டணம் கேட்கும் நாளிதழின் முழுக் கட்டுரை உங்களுக்குத் திறந்துவிடாது.

ஆண்ட்ராய்டில் ஃபீடர், ஐபோனில் நெட்நியூஸ்வயர், கணினியில் தண்டர்பேர்டு ஆகிய மூன்றும் இலவசமான திறமூல மென்பொருள்கள்; மின்னஞ்சலோ கைப்பேசி எண்ணோ கொடுத்துக் கணக்குத் தொடங்காமலேயே அவற்றில் ஓடைகளைச் சேர்க்கலாம். கைப்பேசியில் படித்தது கணினியிலும் படித்ததாகக் காட்ட வேண்டுமென்றால் ஃபீட்லி, இனோரீடர் போன்ற இணையச் சேவைகள் வசதியானவை. ஃபீட்லியின் இலவசக் கணக்கே 100 ஓடைகள் வரை இடம் தருவதால் உங்கள் முப்பதுக்கு அது தாராளம். தளத்தின் முகவரியை இட்டாலே பெரும்பாலும் செயலி ஓடையைக் கண்டுபிடித்துவிடும். யூடியூப் சேனல்களுக்கும் ஓடை உண்டு.

விலையைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, உங்கள் ஓடைப் பட்டியலை ஓபிஎம்எல் (ஓடைப் பட்டியலைச் செயலிகளுக்கிடையே மாற்றிக்கொள்ள உதவும் பொது வடிவம்) கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்பதுதான். பலரும் நம்பியிருந்த, கூகுளின் செய்தியோடைச் சேவையான கூகுள் ரீடரே 2013 ஜூலை 1ஆம் தேதியுடன் மூடப்பட்டது. பட்டியலைக் கோப்பாக எடுத்து வைத்தவர்கள் அதை வேறு சேவையில் ஏற்றிக்கொண்டு படிப்பதைத் தொடர்ந்தார்கள். இவ்வசதி இல்லாத செயலி இலவசமாகவே கிடைத்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓடையே வெளியிடாத தளங்களையும் கண்காணிக்கவோ, குறிப்பிட்ட சொற்கள் வரும் பதிவுகளை மட்டும் வடிகட்டவோ வேண்டியவர்களுக்குக் கட்டணத் திட்டம் பயன்படலாம். உங்கள் தேவை அதுவல்ல. இலவச வாரத்தை நீங்கள் ஏற்கெனவே தொடங்கியிருந்தால், செயலியை நீக்குவதால் மட்டும் சந்தா நின்றுவிடாது என்பதைக் கவனியுங்கள். பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதிக்குச் சென்று, அந்த வாரம் முடிவதற்குள் ரத்து செய்துவிடுங்கள்.