குழுவுக்குத் தலைவர் எதற்கு?

வணக்கம். என் வகுப்பில் பல இனத்துப் பிள்ளைகள். மூன்று மாதமாக நால்வர் நால்வராகக் கலந்து உட்கார வைத்துக் குழுவாகப் படிக்க வைக்கிறேன். நன்றாகப் படிக்கும் பிள்ளையைத் தலைவராகப் போட்டிருக்கிறேன். ஆனால் மணி அடித்ததும் அவரவர் இனத்தோடு போய்ச் சேர்ந்துகொள்கிறார்கள். குழுவுக்குப் பொது மதிப்பெண் கொடுத்தால் ஒற்றுமை வருமா?
ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

கலந்து உட்கார வைத்தீர்களே, அந்த மனசுக்கு நன்றி. ஆனால் அந்தத் தலைவர் பதவியைப் படித்ததும் கோபம்தான் வந்தது.

கொஞ்ச நாளாகவே எலியட் ஆரன்சன் செய்ததைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில், பிரிந்து படித்த வெள்ளை, கறுப்பு, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே வகுப்பறைக்குக் கொண்டுவந்தபோது ஒரே அடிதடி. சமூக உளவியலாளரான அவர் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்தார். ஆசிரியர் கேள்வி கேட்பார், ஒருவன் எழுந்து தடுமாறுவான், மற்றவர்களுக்குக் கொண்டாட்டம். நட்பு எங்கிருந்து வரும்? ஆகவே பாடத்தை ஐந்தாறு துண்டாக்கி ஆளுக்கு ஒன்று கொடுக்கச் செய்தார். ஒரே துண்டு கிடைத்தவர்கள் எல்லாக் குழுவிலிருந்தும் வந்து கூடிப் படித்து, திரும்பிப் போய்த் தங்கள் குழுவுக்குச் சொல்லித்தர வேண்டும். பரீட்சை மட்டும் தனித்தனி (பொது மதிப்பெண் பற்றிய உங்கள் கேள்விக்கும் இதுதான் பதில், வேண்டாம்).

அங்கே ஒரு பையன், மெக்சிகோ வம்சாவளி, ஆங்கிலம் திக்கித்தான் வரும். கூட இருந்தவர்கள் கேலி செய்தார்கள். வகுப்பில் உதவிக்கு இருந்தவர் நீதிபோதனை எதுவும் செய்யவில்லை. கேலியால் ஒரு பலனும் இல்லை, அவனுக்குத் தெரிந்த பகுதி பரீட்சையில் வரும் என்று நினைவூட்டினார், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அவனிடம் பொறுமையாகக் கேள்வி கேட்கப் பழகிவிட்டார்கள். சுயநலம்தான், இருக்கட்டுமே! அவன் வாயைப் பார்த்துக் காத்திருந்தார்கள் இல்லையா?

உங்கள் குழுவில் யாருக்காக யார் காத்திருக்கிறார்கள்? எல்லாம் தலைவருக்குத்தான் தெரியும், மற்ற மூவரும் தலையாட்டினால் வேலை முடிந்தது. வெறுமனே சேர்ந்திருந்தால் போதாது, சமமாகச் சேர்ந்திருக்க வேண்டும் என்று உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954லேயே சொல்லிவிட்டார். கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த பிள்ளையே குழுவில் அதிகம் பேசும், பேசப் பேச அந்தப் பிள்ளையே அதிகம் கற்கும் என்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் கோஹன் வருடக்கணக்கில் காட்டினார். உங்கள் தலைவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எத்தனை பேர் ஒரே இனம்? இருக்கிற மேடு பள்ளத்துக்கு நீங்களே பதவியும் கொடுத்துவிட்டு, ஒற்றுமை வரவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதினால் எப்படி?

மணி அடித்த பிறகு நடப்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் தலைவர்களை எடுங்கள், அடுத்த பாடத்தைத் துண்டு போடுங்கள். சத்தம் கூடும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் முறைப்பார். முறைக்கட்டும்.