பழைய மாணவர் சங்கத்துக்கு வெளிநாட்டுக் கிளைகள்: கேள்வி பதில்

கோவையிலிருந்து: எங்கள் பொறியியல் கல்லூரியிலிருந்து முப்பது பேட்ச் வெளியே போய்விட்டது. துபாய், சிங்கப்பூர், அமெரிக்கா என்று பரவியிருக்கிறார்கள். முதலில் ஆப் செய்வதா, வெப்சைட் செய்வதா?

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். பட்டியலில் ஆள் இல்லாமல் ஆப் போட்டால் ஆறு மாதத்தில் அதை யாரும் திறக்க மாட்டார்கள். ஒவ்வொரு பேட்சிலும் துறைக்கு ஒருவரைப் பிடியுங்கள். தன் வகுப்பைத் தேடிச் சேர்ப்பது அவர் வேலை. எல்லாம் ஒரே ஷீட்டில் வரட்டும்: பெயர், துறை, முடித்த ஆண்டு, ஊர், நாடு, சொந்த மின்னஞ்சல், வாட்ஸ்அப் எண், கடைசியாகச் சரிபார்த்த தேதி. ஆபீஸ் மின்னஞ்சல் வாங்காதீர்கள், வேலை மாறினால் அது போச்சு. படித்தபோது இருந்த பெயருக்கு இன்னொரு கட்டம் வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறியிருக்கும். பாஸ்போர்ட்டில் இன்ஷியல் விரிந்து அப்பா பெயர் முன்னால் வந்திருக்கும். இந்தக் கட்டம் இல்லாவிட்டால் ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாவார்.

சிட்னியிலிருந்து: ஆன்லைன் கூட்டம் எப்போதும் எங்களுக்கு நடுராத்திரியில்தான் வருகிறது.

பதில்: எல்லோருக்கும் ஒத்துவரும் நேரம் கிடையாது. இரண்டு நேரம் வைத்து மாற்றி மாற்றி நடத்துங்கள். சனி இரவு 7.30 (இந்திய நேரம்) என்றால் லண்டனில் மதியம், நியூயார்க்கில் காலை 9 அல்லது 10. அடுத்த கூட்டம் சனி காலை 8.30. அப்போது சிங்கப்பூரில் 11 மணி, சிட்னியில் மதியம் 1 அல்லது 2, கலிபோர்னியாவில் வெள்ளி இரவு. முடிவெடுக்கும் வாக்கெடுப்பைக் கூட்டத்துக்குள் வைக்காமல் ஒரு வாரம் திறந்து வையுங்கள்.

டல்லாஸிலிருந்து: இங்கே பணம் திரட்டி, கல்லூரி உதவித்தொகைக்காக ஊரில் உள்ள சங்கக் கணக்குக்கு அனுப்பலாமா?

பதில்: பெரும்பாலான சங்கங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ., 2010) பணம் யாருடையது என்பதுதான் கேள்வி. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக நேரே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். குடியுரிமை மாறியவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவர்தான். அமெரிக்காவில் பதிவான உங்கள் கிளை அனுப்பினாலும் அது வெளிநாட்டுப் பணமே, கொடுத்த அத்தனை பேரும் இந்தியக் குடிமக்களாக இருந்தாலும்கூட.

வெளிநாட்டுப் பணத்தைப் பெற எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேண்டும். அதை வாங்கச் சங்கத்துக்கு மூன்று ஆண்டு வயதும், அந்த மூன்று ஆண்டில் முக்கியப் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாய் செலவுக் கணக்கும் வேண்டும். பதிவு கிடைத்தபின் பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படி வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. அதாவது சங்கம் வாங்கிக் கல்லூரி அறக்கட்டளைக்குக் கொடுப்பது தப்பு. அறக்கட்டளைக்கே பதிவு இருந்தால் நேரே அங்கே அனுப்புங்கள். அதுதான் தலைவலி இல்லாத வழி. இந்தியாவில் உள்ள ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

உங்கள் பக்கத்தில் ஒன்று: வரிவிலக்குப் பெற்ற சிறு அமைப்பாக இருந்தாலும் அமெரிக்க வரித் துறைக்கு வருடாந்தர அறிக்கை உண்டு. ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருந்தால் 990-என் என்ற மின்படிவம் போதும். தொடர்ந்து மூன்று ஆண்டு விட்டால் விலக்கு தானாக ரத்தாகிவிடும்.

துபாயிலிருந்து: எங்கள் குழுவிலும் வசூல் செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அமீரகத்தில் உரிமம் இல்லாமல் நன்கொடை கேட்பது குற்றம். வாட்ஸ்அப்பில் கேட்டாலும் அதே கதை. அங்கே சந்திப்பு, வேலைத் தகவல், புதிதாக வருபவருக்கு உதவி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து: ரீயூனியன் ஜோராக நடந்தது. அதன்பிறகு இரண்டு வருடமாக எதுவும் இல்லை.

பதில்: விருந்து நடத்தியவர் களைத்துப் போயிருப்பார், அடுத்த ஆள் யாரென்று எழுதி வைத்திருக்க மாட்டீர்கள். செயலாளருக்கு இரண்டு ஆண்டு மட்டும். துணைச் செயலாளராக இருப்பவரே அடுத்தவர் என்று விதியிலேயே போடுங்கள். வேலையையும் சின்னதாகக் கேளுங்கள். ‘சங்கத்துக்கு நேரம் ஒதுக்குங்கள்’ என்றால் யாரும் வர மாட்டார்கள். ‘இறுதியாண்டு மாணவர் நால்வருக்கு மாதம் ஒரு மணி நேரம் மாதிரி நேர்காணல், நான்கு மாதம்’ என்றால் வருவார்கள். வெப்சைட் முகவரி, மின்னஞ்சல், குழு அட்மின் எல்லாம் குறைந்தது மூன்று பேரிடம், இரண்டு நாடுகளில் இருக்கட்டும். முகவரியைப் புதுப்பிக்கும் பணம் ஒருவரின் சொந்தக் கார்டிலிருந்து போகிறதா என்று இன்றே பாருங்கள். கார்டு காலாவதியானால் முகவரி கைவிட்டுப் போகும்.