பேராசைச் சிரிப்புப் படங்கள்: கணக்கு கேட்டவர்களுக்குப் பதில்

பணத்தாசையைக் கிண்டலடிக்கும் படங்களைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும். முடிவுகளை மறைக்காமல் பேசியிருக்கிறேன். படம் பார்க்காதவர்கள் அந்தந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடலாம்.

கேள்வி: 'இட்ஸ் எ மேட், மேட், மேட், மேட் வேர்ல்ட்' (1963) படத்தில் புதையல் 3,50,000 டாலர். ஆளுக்குச் சமமாகப் பிரித்தால் முடிந்தது. அதற்கு ஏன் சாலையோரத்தில் அவ்வளவு சண்டை?

எதைச் 'சமம்' என்பது என்பதில்தான் சண்டையே. நான்கு வண்டிகள். அவற்றில் எட்டுப் பேர். விபத்துக்குள்ளாகி, சாகும் முன் புதையல் இருக்கும் இடத்தைச் சொன்னவரைப் பார்க்கப் பள்ளத்தில் இறங்கியவர்கள் ஐந்து பேர். வண்டிக்கு ஒரு பங்கு என்றால் 87,500. தலைக்கு ஒரு பங்கு என்றால் 43,750. இறங்கியவருக்கு ஒரு பங்கு என்றால் 70,000.

இப்போது ஒவ்வொருவர் பையிலும் போட்டுப் பாருங்கள். பைக் (Pike) என்ற லாரிக்காரர் தனி ஆள். வண்டிக் கணக்கில் 87,500 வரும், தலைக்கணக்கில் அதில் பாதிதான். ஃபின்ச் மனைவியோடும் மாமியாரோடும் வருகிறார். தலைக்கணக்கு என்றால் அந்தக் குடும்பத்துக்கு 1,31,250. டிங்கி, பெஞ்சி இருவருமே பள்ளத்தில் இறங்கியவர்கள். அந்தக் கணக்கில் அவர்களுக்கு 1,40,000. க்ரம்ப் தம்பதிக்கு வண்டியும் தலையும் ஒன்றே, ஆனால் இறங்கியவர் கணக்கில் 17,500 குறையும். நான்கு கட்சிகளும் ஒருசேர ஒப்புக்கொள்ளும் கணக்கே கிடையாது. அவரவர் சொல்லும் 'நியாயம்' அவரவருக்கு அதிகம் கிடைக்கும் கணக்காகவே இருப்பதுதான் நகைச்சுவை.

திரைக்கதையின் சாமர்த்தியம், வண்டிகளில் ஆள்களை 2, 2, 1, 3 என்று ஏற்றியதில் இருக்கிறது. வண்டிக்கு இருவர் என்று வைத்திருந்தால் வண்டிக் கணக்கும் தலைக்கணக்கும் ஒன்றாகிவிடும், சண்டைக்குப் பாதி காரணம் போய்விடும்.

கேள்வி: அப்படியானால் 'வேக்கிங் நெட்' (1998) கிராமத்தில் மட்டும் 52 பேர் எப்படி ஒற்றுமையாகப் பிரித்துக்கொள்கிறார்கள்? ஐரிஷ்காரர்கள் நல்லவர்களா?

நல்ல மனசுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. லாட்டரிச் சீட்டைப் பிடித்தபடியே நெட் இறந்து கிடக்கிறார். பரிசு சுமார் 69 லட்சம் பவுண்டு. இன்னொருவர் நெட்டாக நடிக்க வேண்டும், லாட்டரி அலுவலர் ஊரில் யாரை விசாரித்தாலும் அவர்தான் நெட் என்று சொல்ல வேண்டும். அதாவது 52 பேரில் எவரும் ஒரே வார்த்தையில் கெடுத்துவிடலாம். கெடுக்கும் சக்தி எல்லோருக்கும் சமம் என்பதால் பங்கும் சமம்: ஆளுக்கு 1,30,000 பவுண்டுக்குச் சற்று மேல். முந்தைய படத்தில் யாருக்கும் யாருடைய தயவும் தேவையில்லை. வண்டியை முறுக்கிக்கொண்டு கிளம்பினால் போதும். அதனால் அங்கே ஒப்பந்தம் நிற்கவில்லை.

லிஸி பாட்டியின் கணக்கையும் கவனியுங்கள். மோசடியைக் காட்டிக்கொடுத்தால் பத்து சதவீதம் வெகுமதி, அதாவது 6.9 லட்சம் பவுண்டு. ஊரோடு ஒத்துப்போனால் 1.3 லட்சம். பணத்தை மட்டும் பார்த்தால் அவர் செய்வது சரி. இவ்வளவு அருமையான முடிச்சைப் போட்டுவிட்டு, தொலைபேசிக் கூண்டோடு அவரை மலைமேட்டிலிருந்து கடலில் தள்ளிக் கதையை முடித்திருக்கிறார்கள். தியேட்டர் சிரிக்கும்; ஆனால் கணக்குக்கு விடை சொல்லாமல் தாளைக் கிழித்த வேலை அது.

கேள்வி: சார், 'டிரேடிங் பிளேசஸ்' (1983) கடைசிக் காட்சி நாலு தடவை பார்த்தும் புரியவில்லை. கையில் இல்லாத ஆரஞ்சுச் சாற்றை எப்படி விற்கிறார்கள்?

அங்கே கைமாறுவது சாறு இல்லை, ஒப்பந்தம். 'ஏப்ரல் மாதம் இந்த விலைக்குத் தருகிறேன்' என்று இன்று விற்கலாம். ஏப்ரலுக்குள் அதே அளவை வாங்கிக் கணக்கை முடித்துவிட்டால் போதும். விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் லாபமோ நஷ்டமோ. வழக்கமாக வாங்கிவிட்டு விற்போம். இங்கே விற்றுவிட்டு வாங்குகிறார்கள்.

நடப்பது இதுதான். அரசு இன்னும் வெளியிடாத ஆரஞ்சுப் பயிர் அறிக்கையைப் பணக்கார வியாபாரிகளான டியூக் சகோதரர்கள் திருட ஏற்பாடு செய்கிறார்கள். நாயகர்கள் வின்தார்ப்பும் வாலன்டைனும் வழியிலேயே அதை மாற்றி, விளைச்சல் மோசம் என்று சொல்லும் போலி அறிக்கையை அவர்களிடம் சேர்த்துவிடுகிறார்கள். சாறு அருகிவிடும், விலை ஏறும் என்று நம்பி டியூக்கின் ஆள் வாங்கித் தள்ளுகிறார். டியூக் வாங்கினால் விஷயம் இருக்கும் என்று மற்றவர்களும் பாய்கிறார்கள். விலை பவுண்டுக்கு 142 சென்ட் தொடும்போது வின்தார்ப்பும் வாலன்டைனும் விற்க ஆரம்பிக்கிறார்கள். பிறகு உண்மையான அறிக்கை வருகிறது: குளிரால் விளைச்சலுக்குப் பாதிப்பில்லை. எல்லோரும் விற்கத் துடிக்கிறார்கள், வாங்க ஆள் இல்லை. விலை 29 சென்ட்டுக்கு இறங்கியதும் இருவரும் திரும்ப வாங்குகிறார்கள்.

ஓர் ஒப்பந்தம் என்பது 15,000 பவுண்டு எடை. 142-இல் அதன் மதிப்பு 21,300 டாலர், 29-இல் 4,350. உச்சத்தில் விற்று அடியில் வாங்கிய ஒவ்வோர் ஒப்பந்தத்துக்கும் 16,950 டாலர் லாபம். அதே 16,950 டியூக் பக்கம் நஷ்டம். முழு மதிப்பையும் கட்டாமல் முன்பணம் மட்டும் கட்டி வாங்கியதால்தான், மணி அடித்ததும் 39 கோடியே 40 லட்சம் டாலரை உடனே வை என்று கேட்கிறார்கள்.

படம் விட்ட இடமும் ஒன்று உண்டு. உண்மைச் சந்தையில் ஒரே நாளில் விலை இவ்வளவு விழ விடமாட்டார்கள். தினசரி ஏற்ற இறக்கத்துக்கு வரம்பு உண்டு.

கேள்வி: நாயகர்கள் செய்ததும் திருட்டுத் தகவலை வைத்து வியாபாரம்தானே? ஜெயில் கிடையாதா?

அறிக்கையைத் திருடுவது அப்போதும் குற்றம். ஆனால் திருடிய அரசுத் தகவலை வைத்துப் பண்டச் சந்தையில் வியாபாரம் செய்வதை நேரடியாகத் தடுக்கும் விதி அப்போது அமெரிக்காவில் இல்லை. 2010 மார்ச்சில் பண்டச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத் தலைவர் கேரி கென்ஸ்லர் நாடாளுமன்றக் குழு முன் இந்தப் படத்தைச் சொல்லியே தடை கேட்டார். அதே ஆண்டு டாட்-ஃப்ராங்க் சட்டத்தின் 746-ஆம் பிரிவாக அது வந்தது. வாலன்டைனாக நடித்தவரின் பெயரால் 'எடி மர்ஃபி விதி' என்று செல்லப்பெயர்.

கேள்வி: 'அருணாசலம்' மாதிரி 30 நாளில் 30 கோடி செலவழிக்கச் சொன்னால் ஒரே நாளில் முடிப்பேன். அதில் என்ன கஷ்டம் அண்ணே?

விதிகளைப் படிக்காமல் சவால் விடாதீர்கள். கதையின் வேர் 1902-இல் ஜார்ஜ் பார் மெக்கட்சன் எழுதிய 'ப்ரூஸ்டர்ஸ் மில்லியன்ஸ்' நாவல். 1985-இல் ரிச்சர்ட் பிரையர் நடித்த படத்தில் 30 நாளில் 3 கோடி டாலர் தீர்த்தால் 30 கோடி டாலர் சொத்து. கடைசி நாள் கையில் எந்தப் பொருளும் இருக்கக்கூடாது. ஆகவே வீடு, கார், நகை எதுவும் உதவாது. தானம் 5 சதவீதம், சூதாட்டம் 5 சதவீதம், அதாவது தலா 15 லட்சம் டாலரோடு சரி. விலையுயர்ந்த பொருளை வாங்கி உடைக்கக்கூடாது. காரணத்தை யாரிடமும் சொல்லக்கூடாது. மிச்சம் 2 கோடியே 70 லட்சத்தை வாடகை, கூலி, விருந்து என்று கரையும் வகையில்தான் தீர்க்க வேண்டும். தொல்லை என்னவென்றால், பணம் இறங்கும் இடமெல்லாம் லாபம் வந்து திரும்ப ஒட்டிக்கொள்கிறது.

தப்பிக்கும் வழிகளில் சிறந்தது அந்தத் தபால்தலை. கோடீஸ்வரர்கள் பெட்டியில் பூட்டி வைக்கும், விமானம் தலைகீழாக அச்சான அபூர்வ வில்லையை வாங்கி, கடிதத்தில் ஒட்டித் தபாலில் போட்டுவிடுவார். உடைக்கவில்லை, அது எதற்காகப் பிறந்ததோ அந்த வேலைக்குப் பயன்படுத்தினார். விதி மீறாமல் காசு போயிற்று. இரண்டு படத்திலும் தேர்தல் வருவதில் ஆச்சரியமில்லை: ரசீதோடு பணம் போகும், கையில் பொருள் மிஞ்சாது.

அருணாசலத்தில் (1997) பரிசு 3000 கோடி, செலவைப் போல நூறு மடங்கு. ஆங்கிலத்தில் பத்து மடங்குதான். ரஜினிக்கு அது போதாது என்று நினைத்திருப்பார்கள்!

கேள்வி: இந்த வகைப் படங்கள் பலவற்றில் கடைசியில் பணம் யாருக்கும் கிடைக்காமல் போவது ஏன்? நீதி போதனையா?

பழைய படங்களில் பெரும்பகுதி தணிக்கை. ஹாலிவுட்டில் 1968 வரை இருந்த தயாரிப்பு விதிமுறைப்படி குற்றவாளி தப்பக்கூடாது. பிரிட்டனின் 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரனெட்ஸ்' (1949) நாயகன், பட்டத்துக்காகச் செய்த கொலைகளையெல்லாம் எழுதிய நினைவுக்குறிப்பைச் சிறையறையிலேயே மறந்துவிட்டு வெளியே வருகிறான். மாட்டுவானா என்று சொல்லாமல் படம் முடியும். அமெரிக்கப் பிரதியில் அந்தத் தாள்கள் அதிகாரிகள் கையில் கிடைப்பதாகச் சில விநாடிகள் சேர்த்தார்கள். சிரிப்பு அங்கேயே செத்தது. 'தி லாவண்டர் ஹில் மாப்' (1951) இதைக் கெட்டிக்காரத்தனமாகச் சமாளித்தது: நாயகன் கதை சொல்லி முடித்து எழும்போதுதான் கையில் விலங்கு தெரியும்.

கேள்வி: தமிழில் ஒன்று சொல்லுங்கள், ஒன்றே ஒன்று.

'சூது கவ்வும்' (2013). அதிகாரம் உள்ளவர்களைத் தொடாதே, கொடுக்க முடிந்த சிறு தொகையே கேள் என்பது ஆள் கடத்தும் கும்பலின் விதி. அதை மீறி மந்திரி மகனைத் தொட்டதும் எல்லாம் சரிகிறது. கடத்தப்பட்டவனே பங்கு கேட்பது உச்சம்.

கேள்வி: நண்பர்கள் மூவர் ஒரு பணப்பையைக் கண்டெடுக்கும் குறும்படம் எழுதுகிறேன். தொகை எவ்வளவு வைக்கலாம்?

பார்ப்பவர் மனக்கணக்காய் வகுக்க முடிகிற தொகை. 12 லட்சம் வையுங்கள், ஆளுக்கு 4. பிறகு ஒருவனுக்கு 5 லட்சம் கடன் வையுங்கள். பங்கு தேவைக்குச் சற்றுக் குறைவாக விழுந்தால்தான் அடுத்தவன் பங்கின் மேல் கண் போகும். 100 கோடி என்றால் யாருக்கும் உறைக்காது, எல்லோருக்கும் போதும். விதியை முதல் மூன்று நிமிடத்துக்குள் சொல்லிவிட்டு, நடுவில் மாற்றாதீர்கள். யார் பேராசைக்காரன் என்று பின்னணி இசை சொல்லக்கூடாது.

பையின் கனமும் முக்கியம். 500 ரூபாய்த் தாளில் 12 லட்சம் என்பது 24 கட்டு. சாப்பாட்டுப் பையில் அடங்கும். ஒரு கோடி என்றால் 200 கட்டு, ஏறத்தாழ 20 கிலோ. அதை நடிகர் ஒற்றை விரலில் ஆட்டிக்கொண்டு வந்தால் தப்பான இடத்தில் சிரிப்பார்கள். ரூபாய் நோட்டு போலத் தெரியும் தாளை அச்சடிப்பது குற்றம். வெள்ளைத்தாள் கட்டுகளின் ஓரத்தை மட்டும் காட்டுங்கள்.

கேள்வி: மேட் வேர்ல்ட் எந்தப் பதிப்பைப் பார்ப்பது?

பொது வெளியீட்டுக்காக வெட்டப்பட்டது 163 நிமிடம்; முதல் முறை அதுவே போதும். 2014-இல் க்ரைட்டீரியன் என்ற வட்டு நிறுவனம் வெளியிட்ட 197 நிமிடப் பதிப்பில், படச்சுருள் கிடைக்காத சில இடங்களில் ஒலி மட்டும் ஓட, நிழற்படங்கள் வரும். பங்குச் சண்டை இரண்டிலும் இருக்கிறது.