கேள்வி – பதில்: எச்சரிக்கைச் சோதனைக்குக் கணக்கு எழுதுவது யார்?

கேள்வி: 2023 அக்டோபரில் தமிழகத்தில் பேரிடர் எச்சரிக்கைச் சோதனை நடந்தபோது என் மனைவியின் கைபேசி பெரிதாக ஒலித்தது, அருகிலேயே இருந்த என் கைபேசியில் எந்தச் செய்தியும் வரவில்லை. இரண்டு மாதங்களில் தாமிரபரணியில் வெள்ளம் வந்தது. சோதனையின் முடிவைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று எங்கேனும் சட்டம் இருக்கிறதா? நான் யாரிடம் முறையிடுவது?
– வாசகர், சேரன்மகாதேவி

பதில்: அமெரிக்காவில் இருக்கிறது. அங்குள்ள வானொலி, தொலைக்காட்சி, கேபிள் நிறுவனங்கள் வாரம் ஒருமுறையேனும், நாளும் நேரமும் மாற்றி மாற்றி, எச்சரிக்கைக் குறியீடுகளை அனுப்பிச் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். சோதனைச் செய்தி வந்து சேராவிட்டால் அதன் காரணத்தையும் கண்டறிந்து எழுத வேண்டும். மாதச் சோதனை தனி. அதை ஒற்றைப்படை மாதங்களில் காலை 8.30 மணி முதல் பொழுது சாயும்வரையிலும், இரட்டைப்படை மாதங்களில் பொழுது சாய்ந்த பிறகு மறுநாள் காலை 8.30 வரையிலும் நடத்துகிறார்கள். விடிய விடியப் பெய்த மழையில் வீட்டுக்குள் வெள்ளம் புகக் கண்ட நம் மாவட்டத்தாருக்கு, இரவுச் சோதனை ஏன் தேவை என்பதை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் நாடு தழுவிய சோதனைக்கு விதி இன்னும் கடுமையானது. ஒவ்வொரு நிலையமும் செய்தி வந்ததா, மறு ஒலிபரப்பானதா என்று 24 மணி நேரத்துக்குள் தகவல்தொடர்பு ஆணையத்துக்குச் சொல்லிவிட வேண்டும். எந்த நிலையத்திலிருந்து, எத்தனை மணிக்கு வந்தது, கோளாறு என்ன என்ற விரிவான அறிக்கையை 45 நாள்களுக்குள் தர வேண்டும். 2011 நவம்பர் 9 அன்று நடந்த முதல் தேசியச் சோதனையில் ஒலி எதிரொலித்துக் குழம்பியதும், சில நிலையங்களுக்குச் செய்தியே சேராததும் நிலையங்கள் எழுதித் தந்த அறிக்கைகளால்தான் முறையாகத் தெரியவந்தன.

உங்கள் மனைவியின் கைபேசிக்கு வந்த சோதனை வேறு வகை. செல் பிராட்காஸ்ட் என்ற அந்த முறையில் செய்தி தனித்தனி எண்களுக்குப் போவதில்லை. ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் கைபேசிகள் அனைத்துக்கும் ஒரே நேரத்தில் போகிறது. ஆகவே அழைப்புகள் நெரிசலில் சிக்கும்போதும் இது சென்று சேரும். ஆனால் கோபுரத்துக்கு மின்சாரம் நின்றால் இதுவும் நின்றுவிடும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த டிசம்பரில், நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பல ஊர்களுக்குத் தொலைத்தொடர்பே அறுந்து போனதை நாம் கண்டோம். எனவே எந்த ஊரில் ஒலித்தது, எந்த ஊரில் ஒலிக்கவில்லை என்பதைச் சோதனை முடிந்த சில நாள்களுக்குள் ஊர்வாரியாக வெளியிடும் கட்டாயம் இங்கும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பட்டியல் கையில் இருந்தால்தான், ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவை முதலில் எந்தத் தெருவுக்கு அனுப்புவது என்று வருவாய்த் துறையினர் முன்கூட்டியே முடிவு செய்ய இயலும்.

முதலில் உங்கள் கைபேசியின் அமைப்புகளில் அவசர எச்சரிக்கை என்ற பகுதி இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள். சோதனை எச்சரிக்கைக்குப் பல கைபேசிகளில் தனி விசை உண்டு. அதன் பிறகும் வராவிட்டால், கைபேசியின் மாதிரி, சிம் நிறுவனம், நீங்கள் இருந்த இடம், நேரம் ஆகியவற்றை எழுதி, கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணை உண்மையான ஆபத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: அடிக்கடி சோதித்தால் மக்கள் உண்மையான எச்சரிக்கையையும் அலட்சியம் செய்ய மாட்டார்களா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அமெரிக்க வாரச் சோதனையில் சில நொடி ஒலிக்குறியீடுதான் கேட்கும், அதனால் யாரும் சலிப்படைய மாட்டார்கள். தவறான எச்சரிக்கைதான் நம்பிக்கையைக் கெடுக்கும். 2018 ஜனவரி 13 அன்று ஹவாய் தீவுகளில், ஏவுகணை வருவதாகவும் இது ஒத்திகை அல்ல என்றும் தவறுதலாகச் செய்தி போய், அதைத் திருத்தும் செய்தி வர 38 நிமிடங்கள் ஆயின. அதே ஆண்டில், தவறான எச்சரிக்கை தங்கள் வழியே வெளியானது தெரிந்த 24 மணி நேரத்துக்குள் ஒலிபரப்பாளர்கள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. இங்கே 2023-இல் வந்த செய்தி, இது சோதனை, நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று தெளிவாகச் சொன்னது. இனி வரும் ஒவ்வொரு சோதனையிலும் அந்த வரி தமிழில் முதல் வரியாக நிற்க வேண்டும்.